உள்ளங்கையாரின் எட்டாவது தகடு

பெட்டியைப் பிரிக்காமலே உள்ளே இருக்கும் சாமான் நல்லதா கெட்டதா என்று சொல்லிவிடும் மகான் வருகிறார் என்றால் சும்மாவா? சனிக்கிழமை காலையிலேயே மண்டபத்தில் எள் விழ இடமில்லை. வந்தவர்கள் விவரம் தெரியாதவர்கள் என்று நினைத்துவிடாதீர்கள். எல்லாம் படித்த பிள்ளைகள். பாகம் பாகமாக வாங்கிச் சொந்தக் கையால் கணினி பூட்டத் தெரிந்தவர்கள். பிராசஸர் எது, கிராபிக்ஸ் கார்டு எது என்று தெரியாதவனை மனுஷனாகவே மதிக்காதவர்கள். அவர்கள்தான் வெயிலில் வரிசை கட்டி நின்றார்கள், ஆளுக்கொரு செப்புத் தகட்டை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு.

மகானுக்குப் பெயர் உள்ளங்கையார். பெற்றவர்கள் வேறு பெயர் வைத்திருப்பார்கள். அது இப்போது அவருக்கே மறந்திருக்கும். தொழில், கணினிச் சாமான்களுக்கு வீடியோவில் விமர்சனம் சொல்வது. மற்ற விமர்சகர்கள் பெட்டியைப் பிரிப்பார்கள், சாமானை மாட்டுவார்கள், நாள் கணக்கில் ஓட்டிப் பார்ப்பார்கள், சூட்டை அளப்பார்கள். பாவம், ஞானம் இல்லாத ஜென்மங்கள். நம்மவர் மூடிய பெட்டியின் மேல் உள்ளங்கையை வைப்பார். கண்ணை மூடுவார். கேமரா அவருடைய புருவத்துக்குக் கிட்டே போகும். "பத்துக்கு ஒன்பதரை" என்பார். விமர்சனம் முடிந்தது. லட்சக்கணக்கில் பார்ப்பார்கள்.

ஒருமுறை ஒரு கம்பெனி அவசரத்தில் காலிப் பெட்டியை ஒட்டி அனுப்பிவிட்டது. அதற்கும் ஒன்பதரைதான். மறுநாள் கம்பெனி மன்னிப்புக் கேட்டுச் சாமானைத் தனியாக அனுப்பியபோது விஷயம் வெளியே வந்தது. மானமுள்ள ஆளாயிருந்தால் அன்றைக்கே கடையைச் சாத்தியிருப்பான். பக்தர்கள் என்ன சொன்னார்கள் தெரியுமா? "வெறும் பெட்டிக்கே ஒன்பதரை கொடுத்த பெரிய மனசு அவருக்கு!" என்றார்கள். இப்படிப்பட்ட மண்டைகள் கிடைத்தால் மகான் ஆவது பெரிய வேலையா?

அதற்கப்புறம்தான் தகடு வந்தது. சீட்டுக்கட்டுச் சீட்டு அளவு இருக்கும். முன்பக்கம் செப்புப் பளபளப்பு, பின்பக்கம் கறுப்பு. பெயர், குளிர்த் தகடு. கணினி ஏன் சூடாகிறது? நாமெல்லாம் மின்சாரம் ஓடுவதால் என்று நினைத்துக்கொண்டிருந்தோம். மக்குகள். மின்தோஷத்தால் சூடாகிறதாம். தகட்டைக் கணினியின் வெளிக்கூடான கேபினெட்டின் மேல் வைத்தால் தோஷம் இறங்கும், சூடு தணியும், வேகம் கூடும். பசையே இல்லாமல் இரும்பில் ஒட்டிக்கொள்கிறதே, அதுவே அதன் சக்திக்குச் சாட்சி. ஒரே ஒரு கட்டளை: ஒட்டியதைக் கழற்றக்கூடாது. கழற்றினால் தோஷம் இரட்டிப்பாகும்.

இத்தனை எரிச்சல் எனக்கு ஏன் என்று கேட்பீர்கள். நான் அச்சகத்தில் பிழை திருத்துகிறவன். அடுத்தவன் தப்பைப் பார்த்தால் கை துறுதுறுக்கும் என்பது ஒரு காரணம். இன்னொரு காரணம், எங்கள் அண்ணன் கணினியின் தலையில் அந்தத் தகடு ஏழு இருந்தது.

அண்ணன் கட்டட வரைபடக்காரர். கட்டப்போகும் கட்டடத்துக்குள் நாம் நடந்து போவது மாதிரி கணினியில் படம் செய்துகொடுப்பார். இந்தத் தடவை ஒரு மருத்துவமனை. வாசலில் நுழைந்து, படி ஏறி, வார்டு வார்டாகச் சுற்றி வரவேண்டும். வரைந்ததையெல்லாம் கோத்துக் கணினி முழுப்படமாக்கித் தருவதற்கு ரெண்டர் என்று பெயர். ஒரு நாள் பூராவும் இயந்திரம் மூச்சுவிடாமல் ஓடவேண்டும். அண்ணனுடையது மூச்சே விடமுடியாமல் பாதியில் பொட்டென்று அணைந்தது. திரும்ப முதலிலிருந்து. மூன்றாவது தடவை அணைந்தபோது அலுவலகத்தில் சொல்லிவிட்டார்கள்: திங்கட்கிழமை காலையில் படம் வரவில்லையென்றால் மருத்துவமனை வேறொருவனுக்கு, அண்ணன் வீட்டுக்கு. பதினாறு வருஷ வேலை.

வேறு யாராயிருந்தாலும் பதறிப்போய்க் கணினியைத் திறந்து பார்த்திருப்பார்கள். எங்கள் அண்ணன் தகடு வாங்கினார். ஒன்று வைத்தார், அணைந்தது. இரண்டு வைத்தார், சீக்கிரம் அணைந்தது. தோஷம் பலமாக இருக்கிறது என்று முடிவுகட்டி ஏழு வரைக்கும் போய்விட்டார்.

இதில் கொடுமை என்னவென்றால், எங்கள் அண்ணியும் ஒரு கணினி விமர்சகர். அவர் பெட்டியைப் பிரிக்கிற ஜாதி. விசிறி, கூலர், கேபிள், விளக்கு எரியும் மௌஸ் எல்லாவற்றையும் மாட்டி, பழையதோடு பக்கத்தில் வைத்து அளந்து பார்த்து, பெரும்பாலும் ஒரே தீர்ப்புச் சொல்வார்: "வித்தியாசம் இல்லை." இப்படிப் பேசினால் யார் பார்ப்பார்கள்? அவருடைய வீடியோவை இருபது பேர் பார்ப்பார்கள். அதில் நாலு பேர் எங்கள் குடும்பம். அண்ணன் அதில்கூடச் சேர்த்தி இல்லை.

வெள்ளிக்கிழமை மத்தியானம் நான் போனபோது வீட்டில் சண்டை உச்சத்தில் இருந்தது.

"ஏங்க, உங்க கையைக் கொண்டாங்க." அண்ணி அவருடைய உள்ளங்கையைப் பிடித்துக் கேபினெட் மேல் வைத்தார். "தகடு இல்லாத இந்தக் கொஞ்ச இடத்துல பாருங்க. சூடான காத்து வருதா?"

"வருது. அதுதான் தோஷம் வெளியேறுது."

"அது காத்துங்க! உள்ள இருக்கிற சூடு வெளிய போறதுக்குத்தான் மேல சல்லடையா ஓட்டை விட்டிருக்கான். அந்த ஓட்டையை எல்லாம் தகடு வச்சு அடைச்சிருக்கீங்க. மூக்கைப் பொத்திக்கிட்டு ஓடச் சொன்னா யாரால ஓட முடியும்? ஒரு மணி நேரம் கழட்டி வச்சுப் பாருங்களேன்."

"கழட்டக்கூடாதுன்னு சொல்லியிருக்காரு."

"ஏன் கழட்டக்கூடாதுன்னு கேட்டீங்களா?"

"கேக்கக்கூடாது."

"அதையும் அவரே சொன்னாரா?"

அண்ணன் என்னைப் பார்த்தார். "டேய், நீயாவது சொல்லு உங்க அண்ணிக்கு. திங்கக்கிழமை என் வேலை போகப்போகுது. இந்த நேரத்துல கழட்டு, ஒட்டுன்னு விளையாடிக்கிட்டிருக்கா."

"வேலை போகக்கூடாதுன்னுதான் அண்ணி சொல்றாங்க" என்றேன்.

"நீயும் அவ கட்சிதானா? லட்சம் பேர் நம்புறான். லட்சம் பேரும் முட்டாளா?"

எனக்கு நாக்கு நுனி வரைக்கும் பதில் வந்தது. மூத்தவராச்சே என்று விழுங்கினேன். அண்ணி கூடுதலாக வாங்கி மேஜையில் வைத்திருந்த ஒரு தகட்டை எடுத்துக் கறுப்புப் பக்கத்தை ஒரு கரண்டிக்கு அருகில் கொண்டுபோனார். கரண்டி துள்ளிப் போய் ஒட்டிக்கொண்டது. அண்ணி அதைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு சொன்னார், "சரிங்க. நாளைக்கு அந்த ஆளு வர்றாருல்ல? நானும் வர்றேன். அவர் முன்னாடியே கேக்கறேன். அவர் சாயம் வெளுத்துப்போச்சுன்னா ஏழையும் கழட்டணும்."

"வெளுக்கலேன்னா?"

"நான் இனிமே வீடியோவே போடலை."

அண்ணன் சம்மதித்தார். சனிக்கிழமை கிளம்பும்போது அண்ணி ஃபிரிட்ஜ் கதவில் காய்கறிச் சீட்டைப் பிடித்துக்கொண்டிருந்த மஞ்சள் வாத்துப் பொம்மையை எடுத்துக் கைப்பையில் போட்டதை நான் பார்த்தேன். எதற்கென்று கேட்டதற்கு, "துணைக்கு" என்றார். அண்ணனும் நானும் கேபினெட்டைத் தொட்டில் பிள்ளை மாதிரி தூக்கிக்கொண்டு ஆட்டோ ஏறினோம், தகடு நகராமல் பார்த்துக்கொண்டு.

மேடை நடுவில் உள்ளங்கையாரின் சொந்தக் கணினி இருந்தது. கண்ணாடிப் பக்கம், உள்ளே ஏழு நிறத்தில் விளக்கு. நெற்றியில் சிவப்பு எண்ணில் சூட்டளவு. தலையில் தகடு வைப்பதற்கென்று ஒரு தங்க வட்டம். வெள்ளைச் சட்டையில் உள்ளங்கையார் வந்தார். கூட்டம் எழுந்து நின்றது. இடது கையைத் தூக்கினார், உட்கார்ந்தது.

"அன்பர்களே, இதோ பாருங்க, தகடு இல்லாத இயந்திரம்." எண் ஏறியது. எண்பது. எண்பத்தைந்து. தொண்ணூறு. முன்வரிசையில் ஒரு பையன் வாயைப் பொத்திக்கொண்டான். "கொதிக்குது. தோஷம் கொதிக்குது. இப்போ தகடு வைக்கப்போறேன். கை தட்டுங்க! உங்க கைத்தட்டுதான் தகட்டுக்குச் சாப்பாடு. விடாம தட்டுங்க!"

மண்டபம் இடிந்துவிழுகிற மாதிரி தட்டினார்கள். தகடு வட்டத்தில் அமர்ந்தது. எண் இறங்கியது. எழுபது. அறுபது. ஐம்பத்தெட்டு. எனக்குப் பக்கத்தில் இருந்த கல்லூரி வாத்தியார் ஒருவர் கண்ணீரைத் துடைத்துக்கொண்டார். இயற்பியல் வாத்தியாராம். அவரிடம் படிக்கிற பிள்ளைகளை நினைத்து எனக்குத்தான் அழுகை வந்தது.

அடுத்தது பக்தர் குறைகேட்பு. அண்ணனை மேடைக்கு அழைத்தார்கள். கேபினெட்டை நான் ஒரு பக்கம், அவர் ஒரு பக்கம் தூக்கிக்கொண்டு போனோம், பின்னால் அண்ணி. தலையில் இருந்த ஏழு தகட்டைப் பார்த்ததும் உள்ளங்கையாரே ஒரு தடவை எண்ணிப் பார்த்துக்கொண்டார். பிறகு உள்ளங்கையை வைத்தார், கண்ணை மூடினார்.

"எட்டாவது வேணும்" என்றார்.

காற்றுப் போக மிச்சமிருந்தது அந்த எட்டாவது இடம் மட்டும்தான். அண்ணன் பயபக்தியோடு கையை நீட்டினார். அண்ணி குறுக்கே வந்தார்.

"ஐயா, இவரோட கணினி ஏழுலயே குணமாகலை. எட்டு வைக்கிறதுக்கு முன்னாடி எனக்கு ஒரு சந்தேகம். உங்க கணினியில இன்னொரு தடவை வச்சுக் காட்டுவீங்களா?"

"தாராளமா, அம்மா. அன்பர்களே, கை…"

"கை தட்டாம."

உள்ளங்கையாரின் கை பாதியில் நின்றது. "அதெப்படி? தட்டுனாதான் சக்தி."

"எங்க வீட்டு இயந்திரத்துக்கு நாங்க யாரும் தட்டலையே ஐயா. நீங்க வாங்கச் சொன்னப்போ தட்டணும்னு சொல்லவும் இல்லையே."

கூட்டத்தில் யாரோ, "அதானே, நானும் தட்டலையே" என்றான். ஒருவேளை அவனுடைய கணினியும் அணைந்துகொண்டிருந்திருக்கும். இன்னும் நாலு பேர் தலையாட்டினார்கள். மகான் பார்த்தார். மறுத்தால் மரியாதை போகும். சிரித்துக்கொண்டே தகட்டை எடுத்தார். எண் மறுபடி தொண்ணூறுக்கு ஏறும் வரைக்கும் மண்டபம் அமைதியாக இருந்தது. தகட்டை வைத்தார்.

டிக்.

அப்புறம் உள்ளே எங்கேயோ ஒரு பெரிய விசிறி 'உர்ர்ர்' என்று கிளம்பியது. கைத்தட்டலில் இத்தனை நாள் காதில் விழாத சத்தம். இறங்கியது எண்.

"இப்ப அதை எடுங்க, ஐயா" என்றார் அண்ணி. டிக். விசிறி அடங்கியது, எண் மறுபடி ஏறியது. அண்ணி கைப்பையைத் திறந்து வாத்தை எடுத்தார். மஞ்சள் வாத்து. ஒரு கண் பெயிண்ட் உரிந்தது. அதைத் தங்க வட்டத்தில் மல்லாக்கப் படுக்கவைத்தார்.

டிக். உர்ர்ர்ர்.

தொண்ணூறு. எண்பது. எழுபது. ஐம்பத்தேழு.

தகட்டைவிட வாத்துக்கு ஒரு எண் கூடுதலாகவே இறங்கியது. மண்டபத்தில் முதலில் ஒருவன் சிரித்தான். அப்புறம் ஒரு வரிசை.

உள்ளங்கையார் லேசுப்பட்ட ஆளா? "அன்பர்களே!" என்று இரண்டு கையையும் தூக்கினார். "பார்த்தீங்களா மகிமையை! தகடு இருந்த இடத்துல பட்டதால வாத்துக்கும் சக்தி ஏறிடுச்சு!"

நீங்கள் நம்பமாட்டீர்கள், பாதிப் பேர் கை தட்டினார்கள். இயற்பியல் வாத்தியார் எழுந்து நின்று தட்டினார். அண்ணியின் முகம் சுண்டிவிட்டது. இதற்குமேல் என்னதான் காட்டமுடியும் என்கிற மாதிரி என்னைப் பார்த்தார்.

அப்போதுதான் அண்ணன் சட்டைப்பையிலிருந்து திருப்புளியை எடுத்தார். கணினி பூட்டுகிறவர்கள் பேனா இல்லாமல் வெளியே போவார்கள், திருப்புளி இல்லாமல் போகமாட்டார்கள். அவர் வாத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். திங்கட்கிழமைப் பயம் அவர் மூஞ்சியில் அப்பியிருந்தது.

"ஐயா, நான் திறந்து பார்க்கலாமா?"

"கூடாது! திறந்தா…"

"தோஷம் ரெட்டிப்பாகும். தெரியும்" என்றபடியே கண்ணாடிக்கு எதிர்ப்பக்கத்துத் திருகைக் கழற்ற ஆரம்பித்துவிட்டார். சீடன் ஒருவன் ஓடிவந்து கையைப் பிடித்தான். நான் அவன் கையைப் பிடித்தேன். அச்சகத்தில் காகிதக் கட்டுத் தூக்கிய கை, அவன் விட்டுவிட்டான்.

தகரம் கழன்றது. தங்க வட்டத்துக்கு நேர்கீழே, விரல் நகம் அளவுக்கு ஒரு கண்ணாடிக் குழாய். அதிலிருந்து ஒரு கறுப்பு ஒயர் பின்பக்கமாக ஒளிந்து ஒளிந்து போனது. அண்ணன் அதை விரலால் தொட்டுக்கொண்டே போனார். அது ஒரு பெரிய விசிறியில் போய் முடிந்தது.

"காந்த சுவிட்சு" என்றார் அண்ணன். சத்தமாகச் சொல்லவில்லை. ஆனால் எதிரே மைக் இருந்தது. "மேல காந்தம் வந்தா விசிறி ஓடும். போனா நின்னுடும். தகட்டுக்குப் பின்னாடி இருக்கிற கறுப்பு, காந்தம். அவ்வளவுதான். ஃபிரிட்ஜ் கதவுல ஒட்டுற காந்தம்." கொஞ்சம் நிறுத்தி, "இதை நான் ஏழு வாங்கியிருக்கேன்" என்றார்.

இந்தத் தடவை யாரும் தட்டவில்லை. முன்வரிசைப் பையன் தன் தகட்டைத் திருப்பிக் கறுப்பு முதுகைப் பார்த்தான். அவனைப் பார்த்து அடுத்தவன். பின்பக்கத்தைத் திருப்பிப் பார்க்க இத்தனை பேருக்கு இத்தனை மாதம் ஆகியிருக்கிறது. உள்ளங்கையார் "இது என் மேல பொறாமைப்பட்டவங்க செய்த சதி" என்று ஆரம்பித்தார். "சுவிட்சு உங்க கேபினெட்டுலதானே இருக்கு?" என்று ஒரு பெண் கேட்டாள். "காலிப் பெட்டிக்கு ஒன்பதரை குடுத்தவன்தானேடா நீ!" என்று பின்னாலிருந்து ஒரு குரல். அன்றைக்கு அதைப் பெரிய மனசு என்று மெச்சிய குரலாகவும் இருக்கலாம். மகான் பக்கவாட்டுக் கதவு வழியாகக் கிளம்பினார். பெட்டியைத் திறக்காமல் உள்ளே இருப்பதைச் சொன்னவர், கதவு எந்தப் பக்கம் திறக்கும் என்று தெரியாமல் இழுத்துத் தள்ளி, தள்ளி இழுத்துப் போய்ச்சேர்ந்தார்.

அண்ணன் மேடையிலேயே தன் கேபினெட் முன்னால் உட்கார்ந்தார். முதல் தகட்டில் வைத்த கையை, எல்லாம் தெரிந்த பிறகும், திரும்ப எடுத்துக்கொண்டார். ஒரு பொய் உள்ளே போவதற்கு ஒரு நிமிஷம் போதும். வெளியே வருவதற்குள் உயிரை வாங்கிவிடுகிறது. அண்ணி பக்கத்தில் உட்கார்ந்தார்.

"நான் எடுக்கட்டுமாங்க?"

"வேணாம். ஒட்டுனவன் நான்தானே."

ஏழையும் எடுத்தார். சல்லடைக்கு அடியில் தூசி பஞ்சுப் படுக்கையாகப் படிந்திருந்தது. வீட்டுக்கு வந்து பெயிண்ட் பிரஷ்ஷால் தட்டிச் சுத்தம் செய்து, மத்தியானமே ரெண்டரைத் தொடங்கினார். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் நாங்கள் மூன்று பேரும் சோபாவில் உட்கார்ந்து இன்னும் கட்டாத அந்த மருத்துவமனைக்குள் வாசலிலிருந்து கடைசி வார்டு வரைக்கும் நடந்து போய் வந்தோம். படம் ஒரு இடத்திலும் நிற்கவில்லை. முடிந்ததும் அண்ணன் அண்ணியிடம், "உன்னோட பழைய வீடியோ எல்லாம் எங்க இருக்கு?" என்று கேட்டார். அண்ணி சிரித்தார்.

கதை இதோடு முடிந்தால் நன்றாக இருக்கும். முடியவிடுவார்களா?

திங்கட்கிழமை மண்டபத்து வீடியோ ஊரெல்லாம் சுற்றியது. இருபது பேர் பார்த்த அண்ணியின் பக்கத்துக்கு ஆயிரக்கணக்கில் ஆட்கள் வந்தார்கள். வந்த கேள்விகளை அண்ணி எனக்குப் படித்துக் காட்டினார். "மேடம், அந்த வாத்து எந்தக் கடையில கிடைக்கும்?" "மஞ்சள் வாத்துதான் வேலை செய்யுமா, வெள்ளை ஆகுமா?" "மல்லாக்க வைக்கணுமா, குப்புறவா?" ஐம்பத்தெட்டைவிட ஐம்பத்தேழு குறைவு, ஆகவே தகட்டைவிட வாத்து சிறந்தது என்று இயற்பியல் வாத்தியார் நீளமாக ஒரு விளக்கம் எழுதியிருந்தார். செவ்வாய்க்கிழமை கணினிக் கடைத்தெருவில் ஒருவன் வாத்து விற்க ஆரம்பித்துவிட்டான். குளிர் வாத்து. கழற்றக்கூடாதாம்.

அண்ணி உட்கார்ந்து வாத்துக்கு ஒரு விமர்சனம் போட்டார். அரை நிமிஷ வீடியோ. வாத்தை வைத்து அளந்தார், எடுத்து அளந்தார். "வித்தியாசம் இல்லை. காய்கறிச் சீட்டைப் பிடித்துக்கொள்ள நல்ல வாத்து" என்றார். அப்புறம் அதைத் திரும்ப ஃபிரிட்ஜ் கதவில் கொண்டுபோய் ஒட்டினார்.

அத்தனை பெரிய மண்டபத்தில் தகட்டை ஒட்டிப் பார்த்தவர்கள் எல்லாரும். கழற்றிப் பார்க்கலாமே என்று நினைத்தவர் எங்கள் அண்ணி ஒருவர்தான். இதைப் படித்துச் சிரிக்கிற நீங்களும் உங்கள் வீட்டில், உங்கள் கையில், உங்கள் மண்டையில் எதையாவது 'கழற்றக்கூடாது' என்று யாரோ சொன்னதைக் கேட்டு ஒட்டித்தான் வைத்திருப்பீர்கள். போய் ஒரே ஒரு நாள் கழற்றிப் பாருங்கள்.